ஓசியில் எடுக்கலாம் ஒரு சர்வே!

முன்னெல்லாம் தர்மபுரிப் பக்கம் 'சர்வே' என்றால் ஒரே அர்த்தம்தான். சங்கிலியும் கையுமாக ஒரு ஆசாமி வருவார். வரப்பு மேல் நின்று இப்படி ஒரு பார்வை, அப்படி ஒரு பார்வை. மறுநாளே அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும்!

இப்போது சர்வே செல்போனில் வருகிறது. கேன்டீனில் பொங்கலா, பூரியா? ரிட்டயர் ஆகிற ஹெட்கிளார்க்குக்கு மோதிரமா, மிக்ஸியா? ஞாயிற்றுக்கிழமை டூர் ஒகேனக்கலா, ஏற்காடா? எல்லாத்துக்கும் ஒரு லிங்க். "ஒரே நிமிஷம்தான் சார், டிக் பண்ணிட்டுப் போயிடுங்க!" என்பார்கள். உள்ளே போனால் 28 கேள்வி இருக்கும். பதினெட்டாவது கேள்வியில் ரத்த குரூப்!

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். அந்த ஒரே பாவத்துக்காக, தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம் என்னிடம் கேட்கிற கேள்வி: "அண்ணே, சர்வே எடுக்க எந்த ஸாஃப்ட்வேர் நல்லது? ஃப்ரீயா இருக்கணும்!"

ஃப்ரீயாக ஒரு டஜன் இருக்கிறது. சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்பேன்: "பதில் சொல்லப் போறது யாரு?"

இதற்குப் பதில் தெரிந்தால் ஸாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பது ஐந்து நிமிஷ வேலை. தெரியாவிட்டால் எவ்வளவு உசத்தியான ஸாஃப்ட்வேரும் வெறும் கலர் பொம்மைதான்.

இரண்டு நம்பர்

நம்ம ஊரைப் பற்றி இரண்டு நம்பர் சொல்கிறேன், கேளுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவிகிதம். தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே கடைசி இடம்!

2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரித் தொகுதியில் பதிவான ஓட்டு 81.20 சதவிகிதம். தமிழ்நாட்டிலேயே முதல் இடம்! படித்தவர்கள் நிறைந்த மத்திய சென்னை 53.96 சதவிகிதத்தோடு கடைசியில் நின்றது.

ஆக, 'எங்க ஜனங்க பதில் சொல்ல மாட்டாங்க' என்ற பேச்சு இங்கே எடுபடாது. ஒழுங்காகக் கேட்டால் வரிசையில் நின்று பதில் சொல்லுகிற ஜனம் இது. தேர்தலில் அவர்களை எப்படிக் கேட்கிறார்கள்? பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பூத். பேர் படிக்கத் தெரியாதவருக்குச் சின்னம். ஒரே ஒரு பட்டன். இரண்டு தடவை போடாமலிருக்க விரலில் மைசூர் மை.

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வண்டி போகப் பாதை கிடையாது என்று, ஓட்டு மெஷினைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். பேப்பரில் போட்டோவெல்லாம் வந்தது. 'கேள்வி கேட்கிறவன்தான் பதில் சொல்கிறவனைத் தேடிப் போகணும்' என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

நாம் என்ன செய்கிறோம்? வாட்ஸ்அப்பில் லிங்க்கைத் தட்டிவிட்டு, "ஒருத்தனும் கண்டுக்கலை சார்" என்று புலம்புகிறோம்.

ஒன்பதே கால் பஸ்

பென்னாகரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். பேர் வேண்டாம். சாயங்காலம் தர்மபுரியிலிருந்து அந்த ஊருக்கு 5.40-க்கு ஒரு டவுன் பஸ். அதை விட்டால் 8.30. நடுவில் ஒன்றும் கிடையாது. ஊர்ப் பையன்கள் ஒன்று சேர்ந்து, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க முடிவு செய்தார்கள். சும்மா மனு கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், புள்ளிவிவரத்தோடு போகணும் என்று ஒருவருக்கு யோசனை. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போல் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்கள்.

212 பேர் இருக்கிற குரூப். 87 பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அதில் 61 பேருக்கு ராத்திரி 9.15-க்குப் பஸ் வேணுமாம். "அமோக மெஜாரிட்டிண்ணே! மனுவை டைப் பண்ணிடலாமா?"

"குரூப்ல பொம்பளைங்க எத்தனை பேருப்பா?" என்றேன்.

எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். ஒன்பது!

குரூப்பில் இருப்பது பெரும்பாலும் இளவட்டம். பாதிப் பேர் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை. பஸ் ஏறப் போவதே இல்லை, ஆனால் ஓட்டு மட்டும் போட்டாச்சு! தினமும் அந்த டவுன் பஸ்ஸில் போய் வருகிறவர்கள் யார்? ஜவுளிக்கடை அக்கா, ஆஸ்பத்திரி ஆயா, பூ விற்கிற அம்மா, கம்ப்யூட்டர் கிளாஸ் போகிற பெண்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் கிடையாது. அவர்களைக் கேட்காமல் பஸ் டைம் பற்றி சர்வே எடுப்பது, மாப்பிள்ளையைக் கேட்காமல் முகூர்த்தம் குறிப்பது மாதிரி!

இங்கேதான் விஷயம். வாட்ஸ்அப் போல் தப்பான கருவியா? இல்லை. குரூப்பில் இருக்கிறவர்களைக் கேட்க அது போதும். ஊரைக் கேட்க அது போதாது. அவ்வளவுதான்.

யார் யார் கடையில் என்னென்ன சரக்கு?

*வாட்ஸ்அப் போல்:* 2022-ல் வந்தது. ஒரு கேள்வி, 12 பதில் வரை கொடுக்கலாம். ஒரே ஒரு பதிலைத்தான் தேர்ந்தெடுக்கணும் என்றும் வைக்கலாம். பூரியா பொங்கலா ரகத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால், யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். "மேனேஜரை மாற்றலாமா?" என்று இதில் கேட்டால் நூறு சதவிகிதம் 'வேண்டாம்'தான் வரும். மேனேஜரும் குரூப்பில் இருக்கிறாரே!

*டெலிகிராம் போல்:* பேர் தெரியாமல் ஓட்டுப் போடும் வசதி உண்டு. வேண்டுமானால் பேரைக் காட்டவும் செய்யலாம். குரூப் மொத்தமும் டெலிகிராமில் இருந்தால் ஜமாய்க்கலாம்.

*கூகுள் ஃபார்ம்ஸ்:* இலவசக் கடைகளில் இதுதான் பெரிய கடை. எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். நம்ம தேவைக்குப் பதில் எண்ணிக்கையில் தட்டுப்பாடே கிடையாது. தமிழில் தாராளமாக அடிக்கலாம். 'பஸ்ஸில் போவதில்லை' என்று சொன்னவரை அடுத்த ஆறு கேள்வியைத் தாண்டி நேராகக் கடைசிப் பக்கத்துக்கு அனுப்பலாம். பதிலெல்லாம் தானாகவே ஒரு ஷீட்டில் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும்.

இதில் ஒரு சூட்சுமம். 'ஒருவருக்கு ஒரு பதில்தான்' என்று பூட்டுப் போட்டால், பதில் சொல்கிறவர் கூகுள் கணக்கில் நுழைந்தாகணும். ஒரு வீட்டில் ஒரே செல்போன், ஒரே கணக்கு, நாலு ஜனம் என்றால் மூன்று பேர் அவுட்! பூட்டுப் போடாவிட்டால் ஒரே ஆசாமி ராத்திரி முழுக்க உட்கார்ந்து நாற்பது தடவை அமுக்குவார். தேர்தல் மை விரலில் வைக்கிறார்கள். கூகுள் மை செல்போனில் வைக்கிறது. இரண்டும் ஒன்றில்லை.

*மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ், நம்ம சென்னைக் கம்பெனி ஸோஹோவின் சர்வே:* இரண்டும் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆபீஸில் ஏற்கெனவே அந்தக் கம்பெனி மெயில் இருந்தால் சுலபம். இலவசக் கணக்கில் வரம்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

*சர்வேமங்கி, டைப்ஃபார்ம்:* சர்வேமங்கி 1999-லேயே கடை திறந்த சீனியர். டைப்ஃபார்ம் ஒவ்வொரு கேள்வியாகக் காட்டி அழகாகப் பேசும். ஆனால் ஓசிக்காரர்களுக்கு இரண்டு பேருமே கொஞ்சம் கெடுபிடி. சர்வேமங்கியில் இலவசம் என்றால் 10 கேள்விதான். வரம்பைத் தாண்டி வந்த பதிலை, பணம் கட்டினால்தான் கண்ணில் காட்டும். கல்யாணத்தில் மொய் எழுதி முடித்தபிறகு நோட்டைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வது மாதிரி!

அதனால் எந்தக் கடையானாலும் உள்ளே நுழையும் முன் விலைப் பட்டியல் பக்கத்தில் மூன்று சங்கதி பாருங்கள். எத்தனை கேள்வி? எத்தனை பதில்? பதிலை மொத்தமாக ஷீட்டில் இறக்கிக்கொள்ள விடுவார்களா? மூன்றாவதற்கு 'இல்லை' என்றால் ஓடி வந்துவிடுங்கள். இந்த வரம்புகள் அடிக்கடி மாறும். போன வருஷம் சித்தப்பா பையன் சொன்னதை நம்ப வேண்டாம்.

*கோபோ டூல்பாக்ஸ்:* நம்ம பக்கத்துக்கு ஏற்ற கில்லாடி. புயல், பூகம்பம் என்று ஓடுகிற நிவாரணக்காரர்கள் உலகம் முழுக்க வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். செல்போனில் செயலியையும் கேள்விகளையும் இறக்கிக்கொண்டு மலை ஏறிவிடலாம். டவரே வேண்டாம். பதிலெல்லாம் போனுக்குள் பத்திரமாக இருக்கும். கீழே இறங்கி சிக்னல் வந்ததும் அனுப்பிக்கொள்ளலாம். சித்தேரி, வத்தல்மலை என்று போகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.

*நாற்பது பக்க நோட்டு:* சிரிக்காதீர்கள். சார்ஜ் தீராது, ஹேங் ஆகாது!

குடவோலையும் குண்டு பத்திரிகையும்

"நிறையப் பேரைக் கேட்டால் போதுமே சார், யாராயிருந்தால் என்ன?" என்பார்கள் சிலர். அவர்களுக்காக ஒரு அமெரிக்கக் கதை. நிஜக் கதை.

1936. ஜனாதிபதி தேர்தல். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்று ஒரு வாரப்பத்திரிகை. ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் ஓட்டுச் சீட்டு அனுப்பியது. சுமார் 23 லட்சம் பதில் வந்து குவிந்தது. ரூஸ்வெல்ட் தோற்பார், லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. நடந்தது என்ன? 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரை மட்டும் பார்த்துப் பொறுக்கிக் கேட்ட ஜார்ஜ் கேலப், 'ரூஸ்வெல்ட்தான்' என்று சரியாகச் சொல்லியிருந்தார்!

பத்திரிகை எங்கே சறுக்கியது? விலாசங்களைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் வைத்திருக்கிறவர்கள் பட்டியலிலிருந்தும் எடுத்தது. பஞ்ச காலத்தில் போனும் காரும் யாரிடம் இருக்கும்? போதாக்குறைக்கு, ஆட்சி மேல் கோபம் இருந்தவர்கள்தான் மெனக்கெட்டுப் பதில் போட்டார்கள். இரண்டு வருஷத்தில் பத்திரிகையே மூடிவிட்டது. (வாரப்பத்திரிகைக்காரர்கள் கவனிக்க!)

அவ்வளவு தூரம் போவானேன்? 2024 ஜூன் 4. தர்மபுரித் தொகுதி ஓட்டு எண்ணிக்கை. ஆரம்பச் சுற்றுகளில் பா.ம.க.வின் சௌமியா அன்புமணி முன்னிலை. டீக்கடை டி.வி. முன்னால் அதற்குள் முடிவையே அறிவித்துவிட்டார்கள். கடைசியில் 21,300 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது தி.மு.க.வின் ஆ.மணி. முதலில் எண்ணின பெட்டிகள் முழுத் தொகுதியும் ஆகாது. முதலில் வந்து விழுகிற 87 பதில் முழு ஊரும் ஆகாது.

சரி, சில பேரை மட்டும் கேட்டே ஊரின் நாடியைப் பிடிப்பது எப்படி? குலுக்கல்! உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்திலேயே, 1,100 வருஷத்துக்கு முந்தி, இந்த சூட்சுமம் இருக்கிறது. தகுதியானவர்கள் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, எல்லோர் முன்னிலையிலும் ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுக்கிற கைக்கு வேண்டியவன், வேண்டாதவன் தெரியக்கூடாது. இன்றைய சர்வே சாஸ்திரத்தின் அஸ்திவாரமும் இதுதான்.

நாலாவது வீடு

நம்ம பையன்களும் அதையே செய்தார்கள். ஊரில் 310 வீடு. ஆறு வீட்டுக்கு ஒன்று என்று கணக்கு. எந்த வீட்டில் ஆரம்பிப்பது? ஒன்றிலிருந்து ஆறு வரை சீட்டு எழுதி, ஒரு குட்டிப் பாப்பாவை எடுக்கச் சொன்னார்கள். வந்தது நாலு. நாலாவது வீடு, பத்தாவது வீடு, பதினாறாவது வீடு... மொத்தம் 52 வீடு. "அது எங்க பங்காளி வீடு, விட்டுடலாம்", "அந்த வீட்ல நாய் கடிக்கும்" என்கிற சலுகையெல்லாம் கிடையாது. பூட்டியிருந்தால் மறுநாள் போகணும்.

கருவி? அதே கூகுள் ஃபார்ம்தான்! ஆனால் லிங்க்கை அனுப்பவில்லை. பையன்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு, தங்கள் போனிலேயே தட்டினார்கள். இதில் வெட்கம் ஒன்றுமில்லை. மகளிர் உரிமைத் தொகைக்கு 2023 ஜூலையில் நம்ம தொப்பூரில்தான் விண்ணப்ப முகாமை முதல்வர் தொடங்கி வைத்தார். அங்கேயும் ஜனங்கள் கையில் இருந்தது காகித விண்ணப்பம். செயலியில் பதிந்தது முகாமில் இருந்த தன்னார்வலர்கள்.

கேள்வியையும் மாற்றினோம். "எத்தனை மணிக்குப் பஸ் வேணும்?" என்று கேட்டால் எல்லோரும் ஆசைக்கு ஒரு நேரம் சொல்வார்கள். அதனால் இப்படி: "போன வாரம் சாயங்காலம் தர்மபுரியிலிருந்து திரும்பி வந்தீங்களா? எத்தனை மணிக்குப் பஸ்ஸுக்கு நின்னீங்க?" ஆசையில் பொய் கலக்கலாம். போன வாரம் கால் கடுக்க நின்றது பொய் சொல்லாது.

ஒரு வீட்டில் ஜவுளிக்கடைக்குப் போகிற அக்கா, "ஏம்பா, மூணு வருஷமா ஆறே கால்லேர்ந்து எட்டரை வரைக்கும் நிக்கிறேன். இப்பத்தான் ஒருத்தர் கேக்கிறீங்க!" என்றார். பையன்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

67 பேர் திரும்பி வந்திருந்தார்கள். அதில் 41 பேர் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் வந்து நின்றவர்கள். ஒன்பது மணிக்கு மேல்? ஒன்பதே பேர். மனுவில் கேட்டது 6.30 பஸ். 'யாரைக் கேட்டோம், எப்படிப் பொறுக்கினோம், என்றைக்குக் கேட்டோம்' என்று மூன்று வரியும் சேர்த்தார்கள். மறுநாளே பஸ் வந்துவிடவில்லை. மனு இப்போது டிப்போவில் பரிசீலனையில் இருக்கிறது. ஆனால் "இதெல்லாம் யாரு கேட்டாங்க?" என்ற வழக்கமான கேள்விக்கு இந்தத் தடவை பேப்பரில் பதில் இருந்தது. 9.15-க்கு மனு போயிருந்தால் அந்த அக்கா இன்னும் மூன்று வருஷம் நின்றிருப்பார்.

கேள்வியில் வைக்காதே வெடி!

கேள்வி எழுதுவது ஒரு தனிக் கலை. சில சாம்பிள்:

"கேன்டீன் டீ சூடாகவும் சுவையாகவும் இருக்கிறதா?" சூடு உண்டு, சுவை இல்லை என்றால் எங்கே டிக் பண்ணுவது? ஒரு கேள்விக்கு ஒரு விஷயம்தான்.

"நமது அருமையான புதிய ஷிஃப்ட் முறை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" இது கேள்வியா, ஜால்ராவா?

"வயது: 20-30, 30-40." முப்பது வயசுக்காரன் எந்தப் பெட்டியில் ஏறுவான்?

'தெரியாது', 'பொருந்தாது' என்று இரண்டு பதில் கட்டாயம் வையுங்கள். இல்லாவிட்டால் ஜனம் வாய்க்கு வந்ததை அமுக்கிவிட்டுப் போகும். எழுதி முடித்ததும் ஐந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். இந்தியாவில் மாதிரி சர்வேக்கு வழிபோட்ட மஹலனோபிஸே, 1930-களில் வங்காளத்துச் சணல் பயிரை முதலில் சின்ன அளவில் அளந்து பார்த்துவிட்டுத்தான் படிப்படியாகப் பெரிசு பண்ணினார். நமக்கென்ன கௌரவம்?

ரகசியம்... பரம ரகசியம்!

ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 'உங்கள் பெயர் கேட்கப்படாது, மனம் திறந்து எழுதவும்' என்று ஒரு சர்வே வரும். உடனே மனதைத் திறந்துவிடாதீர்கள்! ஆபீஸ் கணக்கில் நுழைந்தால்தான் திறக்கும் என்றால், மெயில் விலாசம் பதிவாகிறதா என்று மேலே பாருங்கள். அது இல்லாவிட்டாலும் பிரிவு: அக்கவுண்ட்ஸ், பால்: பெண், வயது: 50-க்கு மேல் என்று கேட்டால்? அக்கவுண்ட்ஸில் இருக்கிறதே ஒரு சரோஜா மேடம்தானே!

நீங்கள் சர்வே எடுக்கிறவரானால், தேவையில்லாததைக் கேட்காதீர்கள். பூரியா பொங்கலாவுக்கு ஆதார் நம்பர் எதற்கு? பதில் ஷீட்டை 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று திறந்து போடாதீர்கள். ஊரார் போன் நம்பரெல்லாம் நாளைக்கே லோன் கொடுக்கிறவன் கையில் இருக்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் சட்டமே வந்தாயிற்று. பாஸ்வேர்டு, ஓ.டி.பி. கேட்கிற ஃபாரம் எதுவானாலும் அது சர்வே இல்லை... பிக்பாக்கெட்!

கடைசியாக ஒன்று. பதில் வாங்கினால் முடிவைச் சொல்லுங்கள். 'இத்தனை பேரைக் கேட்டோம், இப்படிச் சொன்னாங்க, இதைச் செய்யப் போறோம்' என்று நாலு வரி போதும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால், அடுத்த தடவை நீங்கள் எந்த ஸாஃப்ட்வேரில் லிங்க் அனுப்பினாலும் ஜனம் ஒரே பதில்தான் போடும்...

இரண்டு கையையும் கூப்பிய அந்தக் 'கும்பிடு' பொம்மை!